அவுக கண்டுபிடிச்ச பாஸ்வேர்டு

உங்கப்பா ஏதாவது சொல்ல வந்து திணறும்போது நீங்களா எடுத்துக் குடுத்துராதீங்கம்மா. இப்பப் பாத்தேன். அவுக "த... த..."ன்னு ஆரம்பிக்கும்போதே நீங்க தண்ணி பாட்டிலைத் திறந்து நீட்டிட்டீங்க. குத்தமாச் சொல்லல. நானும் அப்படித்தான். உள்ள இருக்காகளே ஸ்பீச் டாக்டரம்மா, அவுக இதுக்காகவே என்னைய வெளிய அனுப்பிருவாக. "நீங்க பெஞ்சில உக்காருங்கம்மா, சார் பேசட்டும்"னு. அதான் உக்காந்திருக்கேன். எங்க வீட்டுக்காரர் உள்ள இருக்காக. முடிய நேரமாகும்.

எங்களுக்குக் கோவில்பட்டி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி தெருவுல வீடு. முன்பக்கம் ரத்தம் பாக்கிற லேபு, பின்பக்கம் நாங்க. அவுக பேரு பால்வண்ணன். லேப் டெக்னீசியன். ஊசி போட்டு ரத்தம் எடுக்கிறது நானு, டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட் அடிச்சுக் குடுக்கிறது அவுக. கல்யாணம் ஆனதுலருந்து இப்படித்தான். என் பேரு செண்பகவல்லின்னு வாறவுகள்ல பாதிப் பேருக்குத் தெரியாது. குழந்தைகளுக்குக்கூட வலிக்காம எடுத்துருவேன். அதுக்காகவே தூரத்துலருந்து வருவாக.

லேபுல ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. எல்லாரும் வச்சிருக்கிற விண்டோஸ் இல்ல, லினக்ஸ்னு ஒண்ணு. இவுக அதுல பெரிய பைத்தியம். ஞாயித்துக்கிழமை ஆனா திருநெல்வேலியில அதுக்குன்னு ஒரு கூட்டம் நடக்கும், அதுக்குக் கிளம்பிருவாக. மத்த ஆம்பளைங்க சீட்டாடப் போவாங்க, இவுக லினக்ஸ் பேசப் போவாக. "வைரஸ் வராது செண்பகம், வெளிய இருக்கிறவன் எவனும் உள்ள எட்டிப் பாக்க முடியாது. ஜனங்களோட ரத்த விஷயம் உள்ள இருக்கு, கண்டவன் கைக்குப் போகக் கூடாது"ன்னு சொல்லுவாக. பாஸ்வேர்டு அவுகளுக்கு மட்டும்தான் தெரியும். நான் கேட்டதில்ல, அவுகளும் சொன்னதில்ல. காலையில உக்காந்து டகடகன்னு தட்டித் திறப்பாக, ராத்திரி மூடுவாக. வீட்டுச் சாவி என்கிட்ட, கம்ப்யூட்டர் அவுககிட்ட. அதுல எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்ல.

ஐப்பசி மழை நேரம், காய்ச்சல்காரங்க கூட்டம். இவுக மைக்ராஸ்கோப்புல குனிஞ்சு பாத்துக்கிட்டிருந்தாக. சோத்துக்கை அப்படியே நழுவி மேசையில விழுந்துச்சு. என்னைப் பாத்தாக, என்னமோ சொன்னாக, அது பேச்சாவே இல்ல. உடனே ஆட்டோ, அப்புறம் ஆம்புலன்ஸ். சீக்கிரம் கொண்டுவந்துட்டீங்க, அதனாலதான் பிழைச்சாருன்னு பெரிய டாக்டர் சொன்னாரு. நான் அதைப் பெருமையாச் சொல்லல. ஆனா சொன்னாரு.

வீட்டுக்கு வரும்போது கம்பு ஊனி நடக்கிற அளவுக்குத் தேறிட்டாக. பேச்சுதான் உங்கப்பா மாதிரி. நம்ம சொல்லுறது எல்லாம் விளங்கும். அவுக சொல்ல நினைக்கிறது உள்ள இருக்கும், வாய்க்கு வேற ஒண்ணு வரும். சோறு கேக்கணும்னா செருப்புன்னு வரும். செருப்புன்னு சொல்லிட்டோம்னு அவுகளுக்கே தெரியும், அதான் கொடுமை.

வந்த அன்னைக்கு நேரா லேபுக்குள்ள போயி கம்ப்யூட்டரைப் போட்டாக. திரையில அவுக பேரு, அதுக்குக் கீழ ஒரு கட்டம். இடது கைய எடுத்து வச்சாக. வச்ச கை அங்கனயே நின்னுருச்சு. ஒண்ணுமே வரல. முகமெல்லாம் வேர்த்துருச்சு. நான் பயந்துபோயி உள்ள கூட்டிட்டு வந்துட்டேன்.

இதை இந்த டாக்டரம்மாகிட்டச் சொன்னப்ப அவுகளுக்கு ஒரே சந்தோசம். ரொம்ப நல்ல பயிற்சிம்மா, அவரே ஆசைப்பட்டுத் தேடுற வார்த்தை, தினமும் உக்காந்து தேடட்டும், நீங்க அவசரப்படுத்தாதீங்கன்னாக. அதுலருந்து அது ஆபீஸ் போற மாதிரி ஆயிருச்சு. காலையில குளிச்சு, துந்நூறு பூசி, வெளுத்த வேட்டியக் கட்டிக்கிட்டு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துருவாக. ஒத்தை விரலால தேடித் தேடித் தட்டுவாக. தப்புன்னு வரும். தனக்குத்தானே சிரிச்சுக்கிட்டு இன்னொண்ணு போட்டுப் பாப்பாக. சாப்பிடும்போது, வெயில்ல நிக்கும்போது எல்லாம் வாய்க்குள்ள என்னமோ உருட்டிக்கிட்டே இருப்பாக. சில நேரம் என்னைப் பாத்து "ஊசி, ஊசி"ம்பாக. இன்னிக்கு ஊசி கிடையாதுங்க, வெறும் மாத்திரைதான், பயப்படாதீங்கன்னு சொல்லுவேன். கோவமாத் தலைய ஆட்டுவாக. ஊசின்னா இம்புட்டுப் பயமா இருக்கு, ஆயுசெல்லாம் பக்கத்துல நின்னு பாத்த மனுசனுக்குன்னு நினைச்சுக்கிட்டேன்.

இங்க லேபு நடக்கணும்ல. டெஸ்ட் பண்ணப் படிச்ச பொண்ணு ஒருத்திய வேலைக்குச் சேத்தேன். புது ரிப்போர்ட்டைக் கையால எழுதிக் குடுத்துக்கிட்டிருந்தோம். பழசு பூராவும் கம்ப்யூட்டருக்குள்ள. எங்க தெருவுல எஸ்தர் டீச்சர்னு ரிட்டயர் ஆனவுக, கிட்னி கெட்டுப்போச்சு. சென்னையில காட்டப் போறாக. அந்த டாக்டர் இத்தனை வருசமா உப்பு எப்படி ஏறியிருக்குன்னு பாக்கணுமாம், பழைய ரிப்போர்ட் எல்லாம் கொண்டுவரச் சொல்லிட்டாரு. டீச்சர் பொறுமையாத்தான் கேட்டாக. "சாருக்குச் சௌகரியமானதும் பாத்துக் குடுங்க செண்பகம்"னாக. அவுக மக வந்து அப்படிக் கேக்கல. எங்கம்மா உயிரு உங்க பெட்டிக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்குன்னு வாசல்ல நின்னு சத்தம் போட்டா. ரோட்டுல போறவன் எல்லாம் திரும்பிப் பாத்தான்.

என் தம்பி, குத்தாலம்னு பேரு, ஓசூர்ல கம்பெனியில இருக்கான். அவனுக்கு இதெல்லாம் தெரியும். போன்ல சொன்னேன். "இதுக்கா இத்தனை நாளா உக்காந்திருக்கீங்க? பாஸ்வேர்டு மறந்தாலும் திறக்கலாம்க்கா. நீ கம்ப்யூட்டர் முன்னாடி உக்காரு, நான் சொல்லச் சொல்ல செய்யி"ன்னான். மத்தியானம் இவுக சாப்பிட்டுத் தூங்கப் போனாக. கதவை ஒருச்சாத்தி வச்சிட்டு உக்காந்தேன். கதவை ஏன் சாத்துனேன்னு கேட்டா, ஃபேன் சத்தம் போன்ல இரைச்சலா இருந்துச்சு.

முதல்ல ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னான். திரையில கம்ப்யூட்டர் கம்பெனி பேரு வந்ததும் ஒரு பட்டனை அமுக்கச் சொன்னான். ரெண்டு தடவை பிந்திட்டேன், அது பாட்டுக்கு வழக்கமான இடத்துக்குப் போயிருச்சு. அடுத்த தடவை கறுப்பா ஒரு திரை, நாலைஞ்சு வரி. கீழ் வரிக்குப் போயி, அதுக்குள்ள ரெக்கவரின்னு எழுதியிருக்கிறதைத் தொடச் சொன்னான். என்னென்னமோ எழுத்து மழை மாதிரி ஓடுச்சு. அப்புறம் ரூட்னு ஒரு வரி. "அதுக்குள்ள போயிட்டா நீதான்க்கா முதலாளி. பழைய பாஸ்வேர்டு என்னன்னு அது உன்கிட்டக் கேக்காது"ன்னான்.

அப்ப பழசு என்னன்னு அதுல பாத்துச் சொல்லிரேன்டான்னு கேட்டேன். அவுககிட்டக் கொண்டுபோயிச் சொல்லலாம்ல, சந்தோசப்படுவாகன்னு. அது முடியாதாம். பழசு என்னன்னு அந்தக் கம்ப்யூட்டருக்கே தெரியாதாம். தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வைக்கலாம், அவ்வளவுதானாம்.

அப்பத்தான் அவன் ஒண்ணு சொன்னான். "அத்தான் பேர்ல இருக்கிறதை அப்படியே விட்டுட்டு உனக்குன்னு தனியா ஒரு பேரு போட்டுத் தரட்டாக்கா? ரிப்போர்ட்டை மட்டும் உன் பக்கம் எடுத்துவைக்கணும். கூடக் கொஞ்ச நேரமாகும், ஆனா அத்தான் பாஸ்வேர்டு அப்படியே இருக்கும்"னான். எஸ்தர் டீச்சர் மக வாசல்ல நிக்காடா, இதையே மாத்திக் குடுத்துருன்னு சொன்னேன். இப்ப யோசிச்சா, அவ அன்னைக்குச் சாயங்காலம்தான் திரும்ப வந்தா. ஆனா நின்ன மாதிரிதான் எனக்கு இருந்துச்சு.

ஒரு வரி அடிக்கச் சொன்னான், அடிச்சேன். அப்புறம் இன்னொரு வரி, கடைசியில அவுக பேரு. புது பாஸ்வேர்டு கேட்டுச்சு. லேபு பேரையே வச்சேன். தட்டத் தட்டத் திரையில ஒண்ணும் விழல. ஒரு புள்ளிகூட இல்ல. விழுதா விழலையான்னே தெரியாம ரெண்டு தடவை தட்டணும். முடிஞ்சுது. திரும்ப ஆன் பண்ணி லேபு பேரைப் போட்டதும் திறந்துக்கிடுச்சு.

திறந்ததும் நடுவுல ஒரு சின்னப் பெட்டி வந்து இன்னொரு பாஸ்வேர்டு கேட்டுச்சு. அத்தான் உள்ள சேத்துவச்சிருக்கிற மத்த பாஸ்வேர்டுகளுக்குப் பூட்டு அது, அது மட்டும் பழைய பாஸ்வேர்டைத்தான் கேக்கும், நமக்கு அது வேண்டாம், கேன்சல் குடுன்னான் தம்பி. குடுத்தேன். அதுக்கப்புறம் தினமும் வரும், தினமும் கேன்சல் குடுப்பேன்.

டீச்சர் ரிப்போர்ட் முழுசும் கிடைச்சுது. என் கையப் பிடிச்சுக்கிட்டு ஜெபம் பண்ணுனாக. எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது.

இவுககிட்ட அன்னைக்குச் சாயங்காலமே சொல்லிரணும்னுதான் இருந்தேன். எந்திரிச்சு வந்தவுக நல்ல முகமா இருந்தாக. கெடுப்பானேன்னு விட்டேன். மறுநாள் குளிச்சு, துந்நூறு பூசி வந்து உக்காந்துட்டாக. தட்டுறாக, தப்புன்னு வருது. சிரிக்காக, இன்னொண்ணு தட்டுறாக. என்னத்தைப் போட்டாலும் அது திறக்காதுன்னு எனக்குத் தெரியும். காப்பியக் கொண்டுபோயிப் பக்கத்துல வச்சேன். பயிற்சிதானே, திறந்தா என்ன திறக்காட்டி என்ன, டாக்டரம்மாவே சொல்லியிருக்காகன்னு மனசைச் சமாதானம் பண்ணிக்கிட்டேன். அவுக பிசியோதெரபிக்குப் போனதும் நான் உக்காந்து திறந்து வேலையப் பாப்பேன், வாறதுக்குள்ள மூடிருவேன். லேபுல இருந்த பொண்ணுகிட்டயும் சார்கிட்டச் சொல்லிராதன்னு சொல்லி வச்சிருந்தேன். சின்னப் புள்ளைக்குப் பொய் சொல்லப் பழக்கிட்டமேன்னு அதுதான் அப்ப உறுத்துச்சு.

பொங்கல் கழிஞ்சு ஒரு நாள் காலையில, குளிச்ச ஈரத்தோட, துந்நூறுகூடப் பூசாம வந்து என்னைக் கையக் காட்டிக் கூப்பிட்டாக. ஒருத்தருக்கு ரத்தம் எடுக்கக் கையில கயிறைக் கட்டியிருந்தேன். இருங்கன்னு சொன்னேன். இருக்க மாட்டேங்காக. முகத்துல அப்படி ஒரு வெளிச்சம். கயிறை அவுத்துட்டுப் போனேன்.

ஒவ்வொரு எழுத்தாத் தட்டுனாக. எழுத்துக்கு எழுத்து உதட்டை அசைச்சுக்கிட்டே. இங்கிலீஷ் எழுத்துலதான், ஆனா தமிழ் வார்த்தை. நான் விரலையே பாத்துக்கிட்டு நிக்கேன். தட்டி முடிச்சு என்டரை அமுக்கிட்டு என்னைத் திரும்பிப் பாத்தாக, திறக்கிறதை நான் பாக்கணும்னு. தப்புன்னு வந்துச்சு. திரும்ப உக்காந்து தட்டுனாக, இன்னும் மெதுவா. தப்பு. மூணாந்தடவையும் தப்பு.

என் பக்கம் திரும்பி, "ஊசிக்காரி"ன்னாக.

படுத்ததுலருந்து அம்புட்டு நீள வார்த்தை அவுக வாயிலருந்து முழுசா வந்ததே இல்ல. நோவு வாறதுக்கு முன்ன பேசுன அதே குரல். என்னைக் கையக் காட்டி "நீ. ஊசிக்காரி. நீ"ங்காக.

கல்யாணம் ஆன புதுசுல அப்படித்தான் கூப்பிடுவாக, கேலிக்கு. எனக்குப் பிடிக்கலன்னு சொன்னதும் விட்டுட்டாக. விட்டுட்டாகன்னுதான் நான் நினைச்சிருந்தேன். அதைத்தான் தினமும் காலையில டகடகன்னு தட்டித் திறந்திருக்காகம்மா. "ஊசி, ஊசி"ன்னு என்கிட்ட அத்தனை நாளாச் சொன்னதும் அதுதான்.

அப்பச் சொல்லியிருக்கலாம். ஆமாங்க, அதான், நான் மாத்திட்டேன்னு ஒரு வார்த்தை. கயிறு கட்டுன ஆளு உக்காந்திருக்காரு, அந்தப் பொண்ணு நிக்கா. எல்லாரும் பாக்காக. என் வாயி என்ன சொல்லுச்சு தெரியுமா?

"அது இல்லங்க போலிருக்கு. வேற யோசிச்சுப் பாருங்க."

அவுக கம்ப்யூட்டரை முறைப்படி ஆஃப் பண்ணுனாக. கம்பை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டாக.

மத்தியானம் அவுக படுத்த பிறகு கம்ப்யூட்டரைத் திறந்தேன். அந்தச் சின்னப் பெட்டி வந்துச்சு, பழசைத்தான் கேக்கும்னு தம்பி சொன்னானே, அது. கேன்சல் குடுக்கல. காலையில விரலைப் பாத்தது ஞாபகம் இருந்துச்சு. எங்க ரெண்டு ஓ, எங்க ரெண்டு கே, எல்லாம் அவுக தட்டுன மாதிரியே தட்டுனேன். பெட்டி மறைஞ்சிருச்சு. திறந்துட்டேன்னு ஒரு சத்தம்கூட இல்ல. அப்படியே உக்காந்திருந்தேன். ரத்தம் குடுக்க வந்தவுக கூப்பிட்டுப் பாத்துட்டுப் போயிட்டாகளாம்.

தம்பிக்குப் போன் பண்ணி, அத்தான் பாஸ்வேர்டையே திரும்ப வைக்கணும்னேன். அது உள்ள இருந்தே மாத்திரலாம், லேசுதான். மாத்திட்டேன். அந்தப் பெட்டியும் அதோட வாறது நின்னுருச்சு. அவன் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான், அத்தான்கிட்டச் சொல்லிட்டியாக்கான்னு. எனக்கு எப்பச் சொல்லணும்னு தெரியும், நீ உன் சோலியப் பாருன்னு வச்சிட்டேன்.

மறுநாள் அவுக வந்து உக்காரல. அதுக்கு மறுநாளும் வரல. நானா கூட்டிட்டுப் போயி உக்கார வச்சேன். உக்காந்து எதையெதையோ தட்டுனாக, அவுக அம்மா பேரு, நாங்க முதல்ல குடியிருந்த தெரு பேரு. அன்னைக்குச் சொன்னீங்களே, அதைப் போட்டுப் பாருங்கன்னேன். தலைய ஆட்டிட்டாக. "அது இல்ல. நீ சொன்ன"ன்னாக. தினமும் இதே கதை. எல்லா வார்த்தையும் போடுவாக, அதை மட்டும் போட மாட்டாக.

எனக்குத் தாங்கல. ஒரு நாள் அவுக பக்கத்துல உக்காந்து, அவுக பாக்கப் பாக்க அந்த வார்த்தையத் தட்டுனேன். திறந்துக்கிடுச்சு. அவுக வச்ச படம், அவுக ரிப்போர்ட்டு எல்லாம் வந்து நிக்குது. "பாத்தீங்களா, நீங்க சொன்னதுதான் சரி. நாந்தான் நடுவுல மாத்திட்டேன். உங்ககிட்டச் சொல்லாம மாத்திட்டேன்"னு எல்லாத்தையும் கொட்டிட்டேன். அழுதுட்டேன்.

திரையப் பாத்தாக. அப்புறம் அந்த இடது கையால என் தலையத் தடவிக் குடுத்தாக.

"மாத்துன," அப்படின்னாக. ஆமாங்க, நாந்தான் மாத்துனேன்னேன்.

"எனக்காக... மாத்துன."

முதல்ல எனக்கு விளங்கல. கோணல் வாயோட சிரிச்சாக பாருங்க, அப்பத்தான் விளங்குச்சு. அவுக சொன்ன தப்பு வார்த்தைய, அவுக மனசு நோகக் கூடாதுன்னு, நான் கம்ப்யூட்டர்ல போயிப் பாஸ்வேர்டா வச்சிருக்கேன்னு நினைச்சுக்கிட்டாக. லினக்ஸ் தெரிஞ்சவுகளாச்சே, எந்த வார்த்தைய வேணும்னாலும் வைக்கலாம்னு அவுகளுக்குத் தெரியாதா? இல்லங்க, முதல்ல இதுதான் இருந்துச்சு, அப்புறம் நான் வேற வச்சேன், அப்புறம் திரும்ப இதையேன்னு நான் சொல்லச் சொல்ல அது பெரிய பொய் மாதிரி எனக்கே கேக்குது. காட்டலாம்னா அந்தச் சின்னப் பெட்டியும் வர மாட்டேங்குது. தம்பியப் போன்ல பேச வச்சேன். அவன் சொன்னதையும் கேட்டுட்டு, நல்ல பிள்ளைங்கன்னு சொல்லுற மாதிரி எங்க ரெண்டு பேருக்கும் சேத்துத் தலைய ஆட்டுனாக. போதும்னாக. கம்ப்யூட்டரை என் பக்கம் தள்ளி வச்சாக. அதுக்கப்புறம் அதைத் தொடல.

டாக்டரம்மா போன வாரம் கேட்டாக. "நல்லா வந்துக்கிட்டிருந்தாரே, ஏன் திடீர்னு பின்வாங்குறாரு? வீட்டுல ஏதாவது நடந்துச்சா?"ன்னு. ஒண்ணும் இல்லைங்கம்மான்னேன். நீங்க பாக்கிற பார்வை தெரியுதும்மா. டாக்டரம்மாகிட்டச் சொல்லிரலாம்னுதானே? சொல்லலாம். அந்தம்மா சொன்னா இவுக நம்பக்கூடச் செய்யலாம். ஆனா என்னைய எம்புட்டு நல்லா நினைச்சிருக்காக அந்தம்மா. எல்லார்கிட்டயும், மிசஸ் பால்வண்ணன் மாதிரி பாத்துக்கணும்னு சொல்லுவாக. பாப்போம். அடுத்த தடவை வரும்போது சொல்லிருவேன்.

பேச்சு நிக்கல, அது வருது. முன்னைவிட நல்லாவே வருது. தண்ணின்னு சரியாச் சொல்லுறாக. சோறுன்னு சொல்லுறாக. சொல்லிட்டு உடனே என் மூஞ்சியப் பாத்து, "சரியா?"ன்னு கேக்காக. ஒவ்வொண்ணுக்கும். நான் தலைய ஆட்டுன பிறகுதான் தம்ளரைக் கையில வாங்குறாக.

இன்னிக்குக் காலையில பஸ் ஏற வரும்போது கூட்டத்துல நான் கொஞ்சம் முன்ன போயிட்டேன். பின்னாடி இருந்து "செண்பகம்"னு கூப்பிட்டாக. முழுசா, ஒரு எழுத்துப் பிசகாம. எத்தனை மாசம் ஆச்சு, என் பேரை அந்த வாயால கேட்டு. திரும்புனேன். சிரிக்காம, அசையாம, என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்காக.

"சரியா?"ங்காக.

சரிதாங்க, நாந்தான் செண்பகம்னேன். கையப் பிடிச்சு ஏத்தி, சன்னல் பக்கம் உக்கார வச்சேன். பஸ் கிளம்பி, கண்டக்டர் டிக்கெட் குடுத்துட்டுப் போன பிறகு, என் பக்கம் குனிஞ்சு, யாருக்கும் கேக்காம, இன்னொரு தடவை கேட்டாக.